ஞாயிறு காலை டிபனுக்கு மெக்சிகன் கடையா?

அல்சூர்வாசி: பெங்களூரு இந்திராநகரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன மெக்சிகன் கடை, சனி ஞாயிறு காலை உணவும் போடுகிறார்கள். இப்போதெல்லாம் குடும்பத்தோடு அங்கேதான். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சிலாக்கிலெஸ். டோர்ட்டில்லா என்பது மக்காச்சோள மாவில் சுடும் மெல்லிய ரொட்டி; அதன் பொரித்த துண்டுகளைப் பச்சைச் சல்சாவில் ஒரு புரட்டுப் புரட்டி, மேலே வெங்காயம், கொஞ்சம் க்ரீம், ஒரு ஆஃப்பாயில். ஓரம் ஊறி நடுப்பகுதி இன்னும் மொறுமொறு என்று இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் போச்சு. காரம் குறைச்சல் என்று என் மாமியாருக்கு மட்டும் தீராத குறை. ஞாயிறு காலை என்றாலே தோசைதான் என்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பசவனகுடி பையன்: போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் சார். கடை திறப்பதே 10 மணிக்கு. அதற்குள் எங்கள் பசவனகுடி தோசைக் கடை வித்யார்த்தி பவனில் எத்தனை பந்தி எழுந்து போயிருக்கும் தெரியுமா? 1943-லிருந்து நடக்கிற இடம், விடியற்காலையிலேயே வாசலில் கூட்டம். இந்த மெக்சிகன் கடையில் நாலு பேருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் பில், கேட்காமலே சர்வீஸ் சார்ஜ் வேறு. தட்டில் வந்தது கோதுமை டோர்ட்டில்லா, உள்ளே பன்னீர், மேலே மஞ்சள் சீஸ். இதற்குப் பெயர் மெக்சிகன் என்றால் பன்னீர் ஃப்ராங்கி விற்கிற தள்ளுவண்டிக்காரரும் மெக்சிகன்தான்.

மிளகாய்ப்பொடி: பில்லைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, மற்றதெல்லாம் அவசரத் தீர்ப்பு. கோதுமை டோர்ட்டில்லா போலி இல்லை தம்பி, மெக்சிகோவின் வடக்கே சொனோரா பக்கம் கோதுமைதான் விளைகிறது, அங்கே வீட்டிலேயே அதைத்தான் போடுவார்கள். மஞ்சள் சீஸ்தான் டெக்சாஸ் வழக்கம், அதற்கு வேண்டுமானால் திட்டுங்கள். மெக்சிகோக்காரர்கள் தூவுவது உதிரி உதிரியான வெள்ளைச் சீஸ், அதில் உப்பு உண்டு, பன்னீரில் கிடையாது, மற்றபடி அந்த மஞ்சளை விடப் பன்னீர் எவ்வளவோ கிட்டே வருகிறது. அப்புறம் நேரம்: அங்கே காலையில் காபியும் இனிப்பு ரொட்டியுமாக முடித்துக்கொண்டு, முற்பகலில்தான் முட்டை, பீன்ஸ் என்று கனமாக உட்காருவார்கள். 10 மணிக்குத் திறப்பதில் குற்றமே இல்லை.

பசவனகுடி பையன்: சொனோராவில் என்ன விளைந்தால் எனக்கென்ன? மெனுவில் சோளம் என்று போட்டுவிட்டுக் கோதுமை வைத்தார்கள், என் கேள்வி அது.

சோளக்கொல்லை: இது நியாயமான கேள்வி, யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவி அரைத்தால்தான் டோர்ட்டில்லா மாவு. சுண்ணாம்பு படாத சாதாரணச் சோள மாவைத் தட்டிப் பாருங்கள், ஓரம் விரிந்து கையோடு வரும். ஒட்டுவதற்காக மட்டும் இல்லை, சோளத்தில் இருக்கும் நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேருவதும் அதனால்தான். சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பக்குவத்தை அங்கேயே விட்டுவிட்ட வட இத்தாலியில் ஏழைகளுக்கு, அந்த வைட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் தலைமுறை தலைமுறையாக வந்தது. அத்தனை வேலை இருக்கிறது, அதனால்தான் பாதிக் கடைகள் கோதுமைக்குத் தாவிவிடுகின்றன. கடையை எடைபோட டோர்ட்டில்லாவை மட்டும் தனியாக வாங்கி முகர்ந்து பார்த்தால் போதும், அந்தச் சுண்ணாம்பு வாசனை தெரிந்துவிடும். சீஸை வைத்துச் சண்டை போடுவதெல்லாம் வீண்.

அல்சூர்வாசி: எங்கள் கடையில் பக்குவம் செய்த மாவைப் பாக்கெட்டில் வாங்கிச் சுடுகிறார்கள், வாசனை இருக்கிறது. ஆனால் பச்சைச் சல்சாவுக்கு வேண்டிய டொமாட்டியோ என்ற புளிப்பான பச்சைக் காய் இல்லை, பச்சைத் தக்காளியில் எலுமிச்சை பிழிந்து சமாளிக்கிறார்கள். சாப்பிடும்போது எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஜெயநகர் அக்கா: சைவக்காரர்கள் ஆர்டர் செய்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும், சோற்றைக் கோழி வேகவைத்த தண்ணீரில் வடிப்பதும் அங்கே சாதாரணம். இங்கே பெரும்பாலும் எண்ணெய்தான், ஆனாலும் மெனுவில் உள்ள பச்சைப் புள்ளியை மட்டும் நம்பி உட்காராதீர்கள். நான் கேட்டபோது பரிமாறுகிற பையன் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, சோறு வேண்டாம் மேடம் என்றான். அந்த நேர்மைக்காகவே மறுபடி போவேன்.

பசவனகுடி பையன்: சரி அக்கா, பையன் நல்லவன், சோளம் நல்லது, சுண்ணாம்பும் நல்லது. 2,000 ரூபாய்?

மிளகாய்ப்பொடி: தக்காளி, மிளகாய் இரண்டுமே அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. காரச் சட்னி சாப்பிட்டுக்கொண்டே இவ்வளவு கணக்குப் பார்க்கக் கூடாது.

பசவனகுடி பையன்: அதற்கான பாக்கியை அவற்றை இங்கே கொண்டுவந்த போர்ச்சுகீசியர்களிடம் கேளுங்கள் சார், என்னிடம் ஏன்? சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டால் சொல்லுங்கள், சிலாக்கிலெஸ் ஒரு பிளேட் வாங்கி மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறோம்.