பிடித்த பெண்ணிய எழுத்தாளரை, பெண் தலைவரை நேரில் சந்திக்கப் போகிறவர்களுக்கு: அனுபவப் பகிர்வு

பதிப்பக அரங்கில் வேலை செய்பவர், சென்னை

எழுத்தாளரைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வாருங்கள். இதைவிட எளிய இடம் தமிழ்நாட்டில் இல்லை. யாருடைய அறிமுகமும் வேண்டாம், தொலைபேசி எண் தேடி அலைய வேண்டாம். நாளையும் நேரத்தையும் மட்டும் பார்த்து வரவேண்டும். பொங்கல் விடுமுறையிலும் ஞாயிறு மாலையிலும் பாதையில் நிற்கவே இடமிருக்காது. கையெழுத்து கிடைக்கும், பேச்சு கிடைக்காது. வேலைநாள்களில் வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான் திறப்பார்கள். எழுத்தாளர்கள் பெரும்பாலும் 5 மணிவாக்கில் வருவார்கள். 5 முதல் 6.30 வரைதான் நிதானமாக நாலு வார்த்தை பேச முடியும். அதற்கு மேல் அலுவலகம் முடிந்த கூட்டம் வந்துவிடும். 8 மணிக்கு நாங்கள் கணக்கு முடிக்க உட்கார்ந்துவிடுவோம்.

யார் எந்த அரங்கில் இருப்பார் என்பதை அவருடைய பதிப்பகத்தின் முகநூல் பக்கத்தில் அன்று காலையிலோ முந்தின இரவோ போடுவார்கள். எழுத்தாளர்கள் அம்பை, சல்மா, பாமா மூவருடைய நூல்களும் காலச்சுவடு பதிப்பகத்தில் கிடைக்கின்றன, அதனால் அங்கிருந்தே தேடத் தொடங்கலாம். அம்பை மும்பைக்காரர், ஒவ்வோர் ஆண்டும் வருவார் என்று நம்பி வெளியூரிலிருந்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அரங்கில் இருப்பவர்களிடம் கேட்டால் உறுதியாகச் சொல்வார்கள்.

கையெழுத்து வாங்கும்போது நடக்கிற கோளாறு எப்போதும் ஒன்றுதான். ஜெல் பேனாவால் போட்டதும் புத்தகத்தை மூடிவிடுவார்கள், மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண பால்பாயிண்ட் பேனா கொண்டுவாருங்கள். உங்கள் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போடவேண்டிய பக்கத்திலேயே வையுங்கள். இரைச்சலில் ‘சுமதி’ என்று சொன்னால் ‘சுமித்ரா’ என்று எழுதியிருப்பார், நூலில் எழுதியதை அழிக்கவும் முடியாது. பழைய, கிழிந்த, பென்சில் கோடு போட்ட பிரதியைத் தயங்காமல் நீட்டுங்கள். வாசித்துத் தேய்ந்த புத்தகத்தைப் பார்த்ததும் எழுத்தாளர் அதைப் புரட்டுவார், எங்கே கோடு போட்டிருக்கிறீர்கள் என்று பார்ப்பார், பேச்சு அங்கிருந்து தானாகத் தொடங்கும். புதுப் பிரதிகள் ஆறை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றால் அவர் தலை நிமிரவே மாட்டார்.

மாதர் இயக்கத்தில் இருப்பவர், தருமபுரி மாவட்டம்

எழுத்தாளரைச் சந்திக்கும் வழி சரி. இயக்கத் தலைவரைச் சந்திக்கும் வழி வேறு. மேடையிலிருந்து இறங்கியதும் சூழ்ந்துகொள்வதுதான் எல்லோரும் செய்வது, பயனில்லாததும் அதுதான். கூட்டம் முடிகிற நேரத்தில் அடுத்த ஊருக்கு வண்டி நிற்கும், உள்ளூர்த் தோழர்களுக்குப் பேசித் தீர்க்க ஏதாவது இருக்கும். ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். 5 மணி என்று துண்டறிக்கையில் போட்ட கூட்டம் 6 மணிக்குத்தான் தொடங்கும். அந்த இடைவெளியில் தலைவர்கள் பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் இடம் காலியாக இருக்கும், கையில் டீ இருக்கும். பேச அதுதான் நேரம்.

மாநாட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதிநிதிகள் அமர்வுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். பேரணியும் பொதுக்கூட்டமும் மட்டுமே எல்லோருக்கும். உள்ளே போக ஆசையென்றால் வரவேற்புக் குழுவை ஒரு மாதம் முன்பே அணுகித் தொண்டராகப் பெயர் கொடுங்கள். சோறு பரிமாறுகிற இடத்திலும் பிரதிநிதிகள் பதிவு மேசையிலும் எப்போதும் ஆள் போதாது. இரண்டு நாள் அங்கே நின்றால் மாநிலத் தலைவர்கள் அத்தனை பேரையும் தட்டோடு பார்த்துவிடலாம்.

மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரும் மாதர் சங்கத்தில் நெடுநாள் பணியாற்றியவருமான உ. வாசுகியைச் சந்திக்க விரும்புகிறவர்களில் பலர் வாச்சாத்தி பற்றித்தான் கேட்க வருகிறார்கள். கேட்க வேண்டிய விஷயம்தான். குறைந்தபட்சம் இவ்வளவு தெரிந்துகொண்டு வாருங்கள்: அரூர் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்த ஊருக்குள் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாக 12 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இது தெரியாமல் வந்து ‘அந்தச் சம்பவம் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் பத்து நிமிடமும் இந்தத் தேதிகளைச் சொல்வதிலேயே கரைந்துவிடும். தெரிந்து வந்தால் உண்மையில் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். 19 ஆண்டு சாட்சிகள் உடையாமல் நிற்க மாதர் சங்கமும் மலைவாழ் மக்கள் சங்கமும் என்ன செய்தன? நீதிமன்றத்துக்கு யார் கூட்டிக்கொண்டு போனார்கள், பஸ் செலவுக்கு என்ன செய்தார்கள், மிரட்டல் வந்த இரவில் யார் துணைக்கு இருந்தார்கள்? போராட்டம் எப்படி நடக்கிறது என்பது இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள், இதில் விட்டுக்கொடுக்க முடியாது. தலைவரைப் பார்த்த கையோடு ஊருக்குப் போய் அந்தப் பெண்களிடம் ‘அன்று என்ன நடந்தது’ என்று கேட்காதீர்கள். சொல்ல வேண்டியதை அவர்கள் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது கொடுமை.

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வெண்மணிக்கும் இது பொருந்தும். டிசம்பர் 25 அன்று நினைவிடத்துக்கு இடதுசாரித் தலைவர்கள் பலர் வருவார்கள், பார்க்கலாம், உடன் நடக்கலாம். 1968-இல் எரித்துக் கொல்லப்பட்ட, தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேருக்கு அஞ்சலி செலுத்தும் நாள் அது. அன்று யாரிடமும் மைக்கை நீட்டாதீர்கள்.

மக்கள் பிரதிநிதி அலுவலகப் பணியில் இருந்தவர்

கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ஜோதிமணி போன்ற மக்களவை உறுப்பினர்களைப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் நாடாளுமன்ற நாள்காட்டியைப் பாருங்கள். பட்ஜெட் தொடர், மழைக்காலத் தொடர், குளிர்காலத் தொடர் என மூன்று உண்டு. தொடர் நடக்கும்போது திங்கள் முதல் வெள்ளி வரை டெல்லி. வெள்ளி இரவு விமானம், சனி ஞாயிறு தொகுதியில் திருமணம், துக்க வீடு, திறப்பு விழா. இதற்கிடையில் ‘ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்’ என்று கேட்டால் அலுவலகத்தில் எந்த உதவியாளரும் நேரம் தரமுடியாது. தொடர் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார், எத்தனை பேர் வருகிறீர்கள், எதற்காக, எத்தனை நிமிடம், உங்களுக்குத் தோதான மூன்று நாள்கள், எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். பாராட்டுரையைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அதை நேரில் சொல்லலாம். உதவியாளர் தேடுவது இந்த ஆறு விவரங்களைத்தான். மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அதே கடிதத்தைத் தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, வாங்கியவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் அவரையே கூப்பிடலாம். முகவரிகள் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பக்கத்திலேயே இருக்கின்றன.

சல்மாவைத் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. 2025 முதல் அவர் மாநிலங்களவை உறுப்பினர். அலுவல்முறைப் பெயர் ரொக்கையா மாலிக், அரசுப் பட்டியல்களில் அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள். மாநிலங்களவை உறுப்பினருக்கு மக்களவை உறுப்பினரைப் போல வரையறுத்த தொகுதி கிடையாது. ஆகவே எந்த ஊரில் எப்போது இருப்பார் என்று அலுவலகத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்திப்பையும் மனுவையும் கலக்காதீர்கள். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அதற்குத் தனி மனு, தனி நாள். அபிமானி என்று வந்து உட்கார்ந்து, கிளம்பும்போது மகனுக்கு வேலை கேட்டால் அடுத்து வரும் உண்மையான வாசகருக்கும் கதவு சாத்தப்படுகிறது. சால்வையும் வேண்டாம், புத்தகம் கொடுங்கள். இன்னொன்று, தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் வாரங்களில் அலுவலகமே பிரசாரத்துக்குப் போயிருக்கும். அப்போது கேட்டுப் பயனில்லை.

நேர்காணல் பதிவு செய்பவர், மதுரை

மேலே சொன்னவை வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு சந்திப்பைக் கெடுப்பது கேள்விதான்.

பாமாவிடம் ‘கருக்கு எழுதத் தூண்டியது எது’ என்று கேட்காதீர்கள். அவருடைய அந்தத் தன்வரலாற்று நூல் 1992-இல் வந்தது. முப்பது ஆண்டுக்கும் மேலாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், எல்லாம் அச்சில் இருக்கிறது. அதில், தீண்டாமைக்காக, வடைப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிப் போன பெரியவரைக் கண்டு சிறுமி சிரித்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிரிப்பிலிருந்து கோபத்துக்கு அந்தப் பத்தி எப்படி நகர்கிறது, முதலில் எழுதியபோதே அப்படித்தான் வந்ததா என்று கேளுங்கள். அல்லது, பேச்சுமொழியிலேயே எழுதியதை மறுபதிப்புகளில் யாராவது திருத்தச் சொன்னார்களா என்று கேளுங்கள். சல்மாவிடம் ஒளிந்து எழுதிய நாள்களைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 2001-இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானாரே, முதல் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது, அலுவலர்கள் அவரிடம் பேசினார்களா, வீட்டு ஆண்களிடம் பேசினார்களா? பெண்களுக்கு இட ஒதுக்கீடு நடைமுறையில் என்ன ஆகிறது என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. எனக்கு இதைக் கேட்காமல் விடுவது பெரிய இழப்பாகப் படுகிறது.

ஒரு பக்கத் தாளில் ஐந்து கேள்வி போதும். ஐந்தில் இரண்டுதான் கேட்க முடியும், அதனால் முக்கியமானதை முதலில் வையுங்கள்.

பதிவு செய்வதென்றால் உட்கார்ந்ததும் அனுமதி கேளுங்கள். பதிவு ஓடத் தொடங்கியதும் பெயர், தேதி, இடம், ‘பதிவுசெய்யச் சம்மதம்’ என்ற வார்த்தை, இவை அவர் குரலிலேயே இருக்கட்டும். இரண்டு கருவிகள் வேண்டும், கைபேசி ஒன்று, தனி ரெக்கார்டர் ஒன்று. கைபேசியை விமான நிலைக்கு மாற்றாவிட்டால் அழைப்பு வந்ததும் பதிவு நின்றுவிடும், பாதி நேர்காணல்கள் இப்படித்தான் போகின்றன. மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள், குரலுக்குமேல் ஓர் இரைச்சல் படிந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. கருவி வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். கண்ணாடி மேசையில் நேரடியாக வைக்காமல் கீழே ஒரு கைக்குட்டையை மடித்துப் போடுங்கள். எழுபது வயது கடந்தவர்களிடம் 45 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், மருந்து வேளையை முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். எழுதியதை அவருக்கு அனுப்பி, திருத்தம் வாங்கியபிறகே வெளியிடுங்கள். அரசியலில் இருப்பவருக்கு ஒரு வாக்கியம் இடம் மாறினாலும் பெரிய தொல்லை. மாதர் சங்கத்தின் மூத்த தலைவர்களில் மைதிலி சிவராமன் 2021-இல் போய்விட்டார், பாப்பா உமாநாத் 2010-இலேயே. அவர்கள் தலைமுறையின் குரல்கள் நம்மிடம் போதுமான அளவு இல்லை. ஆகவே உங்கள் பதிவைக் கைபேசியிலேயே விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். பெண்களின் வாழ்வை ஆவணப்படுத்த அம்பை தோழிகளோடு 1988-இல் தொடங்கிய ஸ்பாரோ காப்பகம் மும்பையில் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. பதிவை ஏற்பார்களா, எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்டு எழுதலாம்.

கல்லூரி மாணவி, திருச்சி

படம் எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. எடுக்கலாமா என்று கேட்பதோடு, போடலாமா என்றும் கேட்க வேண்டும். இரண்டும் வேறு. வீட்டில் எடுத்த படமென்றால் பின்னணியில் தெருப் பலகை, வாகன எண், வீட்டில் உள்ள பிள்ளைகள் தெரிகிறார்களா என்று பாருங்கள். அவர் அந்த ஊரை விட்டுக் கிளம்பியபிறகு போடுங்கள். பொதுவில் பேசும் பெண்களுக்கு வருகிற ஆபாச வசவு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் பதிவின் கீழ் அது வந்தால் உடனே நீக்க வேண்டியது நீங்கள்தான், முடியாதென்றால் பின்னூட்டத்தை மூடிவிடுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்று தயங்குகிறவர்களுக்கு: இடதுசாரி இயக்கங்களில் வயது பார்க்காமல் ‘தோழர்’ போதும். திராவிடக் கட்சியினரிடம் ‘அம்மா’, வயது குறைந்தவரென்றால் ‘அக்கா’. எழுத்தாளர்களிடம் ‘மேடம்’ என்றே தொடங்கலாம், மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பதிப்பக அரங்கில் வேலை செய்பவர், சென்னை

கருத்து வேறுபாடு இருந்தால் சொல்லலாமா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். தாராளமாக. கூட்டத்தின் நடுவில் சத்தமாகச் சொன்னால் அது சவாலாகிவிடும். பக்க எண்ணைக் காட்டி, ‘இந்த இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை, காரணம் இது’ என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். பதில் நீளும் என்று தெரிந்தால் மின்னஞ்சல் கேட்டு வாங்கிக்கொண்டு வரிசையை விடுங்கள். அந்த மின்னஞ்சலை ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள், கண்காட்சி முடிந்ததும் முகங்கள் மறந்துபோகும். எந்த நாள், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று முதல் வரியிலேயே போடுங்கள்.