கீழவீதி வீடு (குடும்பக் குழு): செல்வியின் கணக்கும் மேலக்கொல்லையின் அளவும்

ஞாயிறு

செல்வி, காலை 6.10
பெரியப்பா, வணக்கம். குரூப் 4 தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள்களே இருக்கின்றன. நேற்று எழுதிய மாதிரித் தேர்வில் கணக்கும் திறனறிவும் சேர்ந்த 25 கேள்விகளில் பதினான்குதான் சரியாக வந்தன. கூட்டலிலும் பெருக்கலிலும் நான் தவறவில்லை. எதைக் கேட்கிறார்கள் என்பதைத்தான் மாற்றிப் புரிந்துகொள்கிறேன். விடைத்தாளின் படத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அத்தை, காலை 6.14
அண்ணா, விளக்கத்தைக் குழுவிலேயே எழுதுங்கள். தேன்மொழியும் இதே தேர்வைத்தான் எழுதுகிறாள்.

அம்மா, காலை 6.15
செல்வி, முதலில் காபியைக் குடித்துவிட்டு உட்கார்.

பெரியப்பா, காலை 6.41
விடைத்தாளைப் பார்த்தேன். பதினொரு தவறுகளில் ஏழு, சொல்லின் பொருள் பிடிபடாததால் வந்தவை. மீப்பெரு பொது வகுத்தி என்ற பெயரில் ‘மீப்பெரு’ இருப்பதைப் பார்த்து விடை பெரிய எண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாய். கொடுக்கப்பட்ட எண்களை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்களில் பெரியது அது. ஆகவே கொடுத்தவற்றுள் மிகச் சிறிய எண்ணை அது ஒருநாளும் தாண்டாது. மீச்சிறு பொது மடங்கின் பெயரில் சிறுமை இருந்தாலும், கொடுத்தவற்றுள் மிகப் பெரிய எண்ணைவிட அது குறையாது. 12, 18 ஆகிய இரண்டுக்கும் மீ.பொ.வ. 6, மீ.பொ.ம. 36. கயிறுகளை மிச்சமில்லாமல் சம நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும், துண்டு எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்று கேட்டால் வகுத்தி. 12, 18, 24 நிமிடங்களுக்கு ஒருமுறை புறப்படும் மூன்று பேருந்துகள் மறுபடி எப்போது ஒன்றாகப் புறப்படும் என்று கேட்டால் மடங்கு; அதற்கு விடை 72 நிமிடம்.

தேன்மொழி, காலை 6.50
மாமா, இரண்டையும் பெருக்கினால் கொடுத்த எண்களின் பெருக்கற்பலன் வரும் என்று படித்தேன். 6 × 36 = 216, 12 × 18 = 216. மூன்று எண்களுக்கும் அப்படியே போடலாமா?

பெரியப்பா, காலை 6.55
போடக் கூடாது. 2, 4, 6 என்று எடுத்துப் பார். மீ.பொ.வ. 2, மீ.பொ.ம. 12, பெருக்கினால் 24. மூன்று எண்களையும் பெருக்கினால் 48. அந்த விதி இரண்டு எண்களுக்கு மட்டும் உரியது என்பதை நோட்டில் விதிக்குப் பக்கத்திலேயே எழுதி வை. ஒரு விதி எந்த இடம் வரைக்கும் செல்லும் என்பதும் அந்த விதியின் ஒரு பகுதிதான்.

கார்த்தி, காலை 7.20
வங்கித் தேர்வுக்குப் படித்தபோது இவை எல்லாவற்றையும் சூத்திரமாகவே மனப்பாடம் செய்தேன் அப்பா. நேரம் மிச்சமாகும்.

பெரியப்பா, காலை 7.26
உனக்கு அப்போது இரண்டு ஆண்டுகள் இருந்தன. இவளுக்குப் பதினெட்டு நாள்கள்தான் இருக்கின்றன. சூத்திரம் தப்பான இடத்தில் பொருந்திவிட்டால் தப்பான விடையும் நான்கு விடைகளுள் ஒன்றாகக் காத்திருக்கும்.

செல்வி, காலை 7.31
வட்டிக் கணக்கில் எனக்கு நேர்ந்தது அதுதான் பெரியப்பா. ‘மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி வீதம் 8,000 ரூபாய்க்கு 3 ஆண்டுகளுக்குத் தனிவட்டி’ என்ற கேள்விக்கு 480 என்று எழுதினேன்.

அம்மா, காலை 7.33
நம் தெருவில் இரண்டு வட்டி என்றால் மாதத்துக்கு இரண்டு ரூபாய் அல்லவா? இத்தனை வருடமாகக் காதில் விழுந்தும் மறந்துவிட்டாயா?

பெரியப்பா, காலை 7.45
உன் அம்மா சொல்வது மிகச் சரி. தெருவில் வட்டியை மாதத்துக்குச் சொல்வார்கள். புத்தகத்தில் வட்டி வீதம் என்றால் ஆண்டுக்கு. மாதம் இரண்டு என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. 8,000 × 3 × 24 ÷ 100 = 5,760. நீ எழுதியதைப் போலப் பன்னிரண்டு மடங்கு அது. கூட்டுவட்டியிலும் இதே கவனம் வேண்டும். 10,000 ரூபாய்க்கு 10 விழுக்காட்டில் இரண்டு ஆண்டுகளுக்குத் தனிவட்டி 2,000, கூட்டுவட்டி 2,100. அந்த 100 ரூபாய், முதல் ஆண்டின் வட்டியான ஆயிரத்துக்கு இரண்டாம் ஆண்டில் கிடைத்த வட்டி. இது மனத்தில் பதிந்தால், தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காண அசலை வீதத்தின் வர்க்கத்தால் பெருக்கி 10,000-ஆல் வகுக்கும் குறுக்குவழியை நீயே எழுதிவிடுவாய். அந்த வழி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும்; மூன்றாம் ஆண்டில் வித்தியாசம் 310 ஆகிவிடும். அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும் என்றால் வீதத்தைப் பாதியாக்கு, தவணையை இரட்டிப்பாக்கு.

அத்தை, காலை 7.52
இரண்டு வட்டியின் கனம் இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சித்தப்பா, காலை 7.54
அக்கா, அந்தக் கடன் அடைந்து எட்டு வருடங்கள் ஆகின்றன.

அப்பா, காலை 7.58
நான் பணியில் இருக்கிறேன். மாலையில் படிக்கிறேன்.

சித்தப்பா, காலை 8.15
(பலமுறை பகிரப்பட்டது)
செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண வர்க்கமூலம் தேவையில்லை. நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளுங்கள். மீதியோடு சிறிய பக்கத்தின் பாதியைக் கூட்டுங்கள். அதுதான் கர்ணம். நம் முன்னோர் பிதாகரசுக்கு முன்பே அறிந்திருந்த இந்த உண்மையை எல்லாருக்கும் அனுப்புங்கள்.

சித்தப்பா, காலை 8.16
செல்விக்கும் தேன்மொழிக்கும் பயன்படும். 3, 4 போட்டுப் பார்த்தேன். 3½ உம் 1½ உம் சேர்ந்து சரியாக 5 வருகிறது.

தேன்மொழி, காலை 8.21
5, 12-க்கும் வருகிறது மாமா. 10½ உம் 2½ உம் சேர்ந்து 13.

செல்வி, காலை 8.29
8, 15-க்கு வரவில்லை. 17 வர வேண்டும், 17⅛ வருகிறது. 7, 24-க்கு 25 வர வேண்டும்; 24½ வருகிறது.

பெரியப்பா, காலை 8.48
9, 40 போட்டுப் பாருங்கள். 40-இல் எட்டில் ஒரு கூறு போக 35, ஒன்பதில் பாதி நாலரை, கூட்டினால் 39½. செங்கோண முக்கோணத்தில் கர்ணம்தான் மிக நீளமான பக்கம். இங்கே அது 40 அடிப் பக்கத்தைவிடக் குட்டையாக வந்து நிற்கிறது. அப்படி ஒரு முக்கோணத்தை யாராலும் வரைய முடியாது. உண்மையான விடை 41. சேகர், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு பக்கங்களும் 3-க்கு 4, 5-க்கு 12 என்ற விகிதத்தில் இருந்தால் இந்த வழி துல்லியமாக வரும். அதை ஒட்டிய விகிதங்களில் சிறிய பிழையோடு வரும். மரம் அறுப்பவருக்கும் கூரை போடுபவருக்கும் அந்த அளவு போதும். வேலைக்கு உதவும் தோராய வழி அது. அந்த மதிப்பை அதற்குக் கொடுப்போம். வர்க்கங்களைக் கூட்டும் தேற்றமோ எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் பொருந்தும். இரண்டும் ஒன்றென்று தேர்வுக்குப் போகும் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. கொத்தனார் மூலைமட்டம் பார்க்க மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று நூல் பிடிக்கிறாரே, அவர் பயன்படுத்துவது அந்தத் தேற்றத்தின் மறுதலை. மூன்று பக்கங்களும் அப்படி அமைந்தால் மூலை செங்கோணமாகத்தான் இருக்கும்.

சித்தப்பா, காலை 8.55
நான் நல்லதென்று நினைத்துத்தான் அனுப்பினேன் அண்ணா.

பெரியப்பா, காலை 8.56
எனக்குத் தெரியும். நீ அனுப்பியதால்தான் பிள்ளைகள் சரிபார்க்கக் கற்றார்கள்.

அத்தை, காலை 9.12
அண்ணா, கணக்கு நடக்கும்போதே ஒன்று கேட்டுவிடுகிறேன். நாலு பக்கங்களின் நீளம் தெரிந்தால் நிலத்தின் பரப்பளவு வந்துவிடுமா? பாகம் பிரித்த அன்று மேலக்கொல்லைக்கு எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அந்த இரண்டு பாதிகளையும் பெருக்கி, 3,000 சதுர அடி என்று எழுதினார்கள். அதுதான் முறை என்று எல்லாரும் சொன்னீர்கள்.

அத்தை, காலை 9.14
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

கார்த்தி, காலை 9.15
அத்தை, அந்தப் பத்திரத்தில் நாலு பக்க அளவுகள் இருக்கின்றனவா?

அத்தை, காலை 9.22
இருக்கின்றன. வடக்கே 50 அடி, தெற்கே 70 அடி, மேற்கே 48 அடி, கிழக்கே 52 அடி. கிழக்கு வேலி வாய்க்காலை ஒட்டிச் சாய்ந்து போகிறது.

பெரியப்பா, காலை 10.05
விஜயா, நாலு பக்கங்களும் தெரிந்தால் மட்டும் பரப்பளவு வராது. பிள்ளைகளும் இதைக் கவனிக்கட்டும். பத்தடிக் குச்சிகள் நாலை மூலைகளில் ஆணியடித்துச் சதுரமாக்கினால் 100 சதுர அடி. அதையே ஒரு பக்கமாகத் தள்ளி மூலைக் கோணம் 30 பாகையாகும்படி சாய்த்தால் சாய்சதுரம். பக்கங்கள் மாறவில்லை, பரப்பளவு 50 சதுர அடியாகிவிட்டது. முக்கோணத்துக்கு மூன்று பக்கங்கள் போதும், அது சாயாது. நாற்கரத்துக்கு ஒரு மூலைவிட்டமோ செங்குத்து உயரமோ கூடுதலாக வேண்டும். எஃப்.எம்.பி. என்னும் அரசு நில அளவை வரைபடத்தில் நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்திருப்பது இதற்காகத்தான். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் வழி செவ்வகத்துக்கு மட்டும் சரி. மற்ற நாற்கரம் எதற்கும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது.

செல்வி, காலை 10.18
பெரியப்பா, நான் போட்டுப் பார்க்கலாமா? வடக்கும் தெற்கும் இணையாக இருந்து, மேற்குப் பக்கம் இரண்டுக்கும் செங்குத்தாக இருந்தால் இது சரிவகம். தெற்கு 70, வடக்கு 50, மிச்சம் 20. இருபதும் நாற்பத்தெட்டும் பக்கங்களாக உள்ள செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 52. கிழக்கு வேலியின் நீளமும் 52. ஆகவே உயரம் 48. பரப்பளவு ½ × (50 + 70) × 48 = 2,880 சதுர அடி.

சித்தப்பா, காலை 10.21
என் வழியிலும் 52 வருகிறதே. 42 உம் 10 உம் சேர்ந்து 52.

பெரியப்பா, காலை 10.24
20-க்கு 48 என்பது 5-க்கு 12 என்ற விகிதமே, அதனால் வருகிறது. செல்வியின் கணக்கும் சரி.

அத்தை, காலை 10.30
அப்படியானால் 120 சதுர அடி குறைகிறது.

பெரியப்பா, காலை 10.37
ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே கால் சென்ட்டுக்குச் சற்று மேல். பன்னிரண்டடிக் கோலால் அளக்கும் நம் பக்கத்துக் குழி 144 சதுர அடி. ஒரு குழிக்குச் சற்றுக் குறைவு. அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான் விஜயா. பள்ளிக்கூடத்தில் சரிவகத்தை நடத்திக்கொண்டிருந்தவன், ஊர்ப் பெரியவர் போட்ட கணக்கை அங்கே சரிபார்க்கவில்லை. நம் அப்பா இறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. பேச்சு முடிந்தால் போதும் என்று இருந்தேன். அது என் தவறு.

அத்தை, காலை 10.49
நால்வருக்கும் சமம் என்று சொன்னார்கள். சேகருடையது அறுபதுக்கு ஐம்பது, நேர்ச் செவ்வகம்.

சித்தப்பா, காலை 10.52
அக்கா, நான் அளக்கவும் இல்லை, பங்கைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

கார்த்தி, காலை 10.58
மேற்கு மூலை உண்மையிலேயே செங்கோணம்தானா என்று பார்க்காமல் 2,880 என்றும் முடிவாகச் சொல்ல முடியாது. எஃப்.எம்.பி. நகல் எடுத்துவிட்டு, மூலைவிட்டத்தையும் அளந்து பார்க்கலாம்.

அம்மா, காலை 11.02
தேர்வு முடியட்டும். அதன் பிறகு எல்லாரும் வந்து அளக்கலாம். செல்வி, தொட்டிக் கணக்கு என்னவாயிற்று?

செல்வி, காலை 11.10
அதிலும் குழப்பம்தான் அம்மா. பெரியப்பா, உருளைக்கு வளைபரப்பு, மொத்தப் புறப்பரப்பு என்று இரண்டு விதிகள் இருக்கின்றன. ஆரம் 7 அடி, உயரம் 10 அடி, மேல் மூடி இல்லாத உருளை வடிவத் தொட்டியின் உட்புறத்துக்கு வர்ணம் பூச வேண்டும் என்கிறார்கள். மொத்தப் புறப்பரப்பு என்று நினைத்து 748 எழுதினேன்.

பெரியப்பா, காலை 11.28
விதியைத் தேடுவதற்கு முன் தொட்டிக்குள் நீ இறங்கி நிற்பதாக நினைத்துக்கொள். சுற்றிலும் சுவர் இருக்கிறது, காலடியில் தரை இருக்கிறது, தலைக்கு மேல் வானம். சுவர் என்பது வளைபரப்பு, 2 × 22/7 × 7 × 10. தரை என்பது ஒரு வட்டம், 22/7 × 7 × 7. இரண்டையும் கூட்டு. திண்ம அரைக்கோளத்திலும் இதே யோசனைதான். வளைந்த பகுதி மட்டும் என்றால் ஆரத்தின் வர்க்கத்தை 22/7 என்னும் பையாலும் (π) இரண்டாலும் பெருக்கு. வெட்டிய முகமும் உண்டு என்றால் இரண்டுக்குப் பதிலாக மூன்றால் பெருக்கு. கூம்பில் வளைபரப்புக்குச் சாயுயரம், கன அளவுக்குச் செங்குத்து உயரம். கேள்வியில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கேட்கும் இடத்தில்தான் கர்ணம் வந்து சேரும். இன்னொன்று, விட்டத்தைக் கொடுத்திருந்தால் முதல் வேலையாகப் பாதியாக்கி ஆரம் என்று எழுதிவிடு. அதை மறந்தால் பரப்பளவு நான்கு மடங்காகவும், கோளத்தின் கன அளவு எட்டு மடங்காகவும் போய்விடும்.

தேன்மொழி, காலை 11.36
மாமா, விலையை 20 விழுக்காடு ஏற்றி, பிறகு 20 விழுக்காடு இறக்கினால் பழைய விலை வராது என்பதும் இதைப் போன்றதுதானா?

பெரியப்பா, காலை 11.40
ஆம். நூறு 120 ஆகும், இறக்குவது அந்த 120-இல் 20 விழுக்காடு, 24 ரூபாய், மிச்சம் 96. விழுக்காடு என்றவுடன் ‘எதில்’ என்று கேட்டுக்கொள்.

செல்வி, காலை 11.44
தொட்டிக்குச் சுவர் 440, தரை 154, மொத்தம் 594 சதுர அடி.

பெரியப்பா, காலை 11.45
சரி. நாளைக் காலை காலமும் வேலையும். 12 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பதைப் போட்டு வை. ஆள் கூடினால் நாள் குறையும். அது எதிர் மாறல்.

அப்பா, பிற்பகல் 1.20
இப்போதுதான் படித்தேன். கிழக்கு வேலியை வாய்க்கால் வெட்டியபோது ஒருமுறை நகர்த்தினார்கள் என்று எனக்கு ஞாபகம். பத்திரத்தில் உள்ள 52 பழைய அளவாக இருக்கலாம்.

அத்தை, பிற்பகல் 1.31
அப்படியானால் எல்லாப் பக்கங்களையும் புதிதாகவே அளக்க வேண்டும். டேப்பை யார் கொண்டுவருவது?

பெரியப்பா, பிற்பகல் 1.38
நூறடி டேப் என்னிடம் இருக்கிறது. முனையில் நாலு அங்குலம் அறுந்துபோயிருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன். இந்த முறை மறுமுனையை நீயே பிடித்துக்கொள் விஜயா.

அத்தை, பிற்பகல் 1.52
பார்க்கலாம் அண்ணா. தேன்மொழி 8 நாள் என்கிறாள், சரிதானா?