லிண்டே பாத்திரம் எந்த வாசிப்பிலும் அடங்கவில்லை, உதவி தேவை

நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தில் நாயகி நோராவின் தோழியாக வரும் கிறிஸ்டீன் லிண்டே பற்றிய கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

முதலில் பெண்ணிய வாசிப்பு. நோரா கணவனையும் வீட்டையும் விட்டு வெளியேறுவது அதில் சுலபமாகப் பொருந்துகிறது. ஆனால் சொந்தக் காலில் நின்ற லிண்டே, யாருக்காகவாவது உழைக்க வேண்டும் என்று தானாகவே தன் பழைய காதலன் குரோக்ஸ்டாடிடம் போகிறாள். நோராவுக்குக் கடன் கொடுத்து, அதை வைத்தே அவளை மிரட்டுகிறவன் அவன். அங்கே என் வாதம் உடைகிறது.

அப்புறம் மார்க்சிய வாசிப்பு. லிண்டே தாய்க்காகவும் தம்பிகளுக்காகவும் பணம் பார்த்து மணந்தது, வங்கி வேலை எல்லாம் சரி. நோராவின் கடன் ரகசியத்தை அவள் கணவனிடம் போட்டுடைத்து குரோக்ஸ்டாட் எழுதிய கடிதத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று லிண்டே அவனைத் தடுக்கிறாளே, அதற்கு அதில் விடையில்லை. லிண்டேயின் பேச்சு, செயல் என்று பட்டியலும் போட்டேன், பட்டியல்தான் நீண்டது.

இரண்டு வாசிப்புகளையும் ஒரே கட்டுரையில் மோதவிடலாமா, அல்லது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முரணையே மைய வாதமாக்கலாமா?