பிளான் 9: ராஸ்பெரி பையில் வைஃபை எழவே இல்லை, அவசரம்

தறிக்காரன்:
ராஸ்பெரி பை குட்டிக் கணினியில் பிளான் 9 இயங்குதளத்தை ஓட்டுகிறேன். வைஃபை டிரைவர் கர்னலில் (இயங்குதளத்தின் மையக்கருவில்) இருக்கிறது, வைஃபை சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும் வைத்துவிட்டேன். ஆனாலும் வைஃபை வரவில்லை. இரண்டு நாளாக மண்டை காய்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

கல்மரம்:
எந்த பை? மூல நிரல் பெல் ஆய்வகத்தின் அசலா, அதிலிருந்து பிரிந்த 9ஃபிரண்டா? பூட் ஆகும்போது சிப் பற்றி ஒரு வரி ஓடுமே, அதை அப்படியே போடுங்கள்.

சுடர்77:
பவர்தான். போன் சார்ஜரில் ஓட்டினால் வைஃபை படுத்துவிடலாம். நல்ல அடாப்டர் போட்டுப் பாருங்கள்.

தறிக்காரன்:
பை ஸீரோ 2 டபிள்யூ. 9ஃபிரண்ட், பழைய மூலம். அடாப்டர் மாற்றியும் அதேதான். சிப் 43430, ரெவ் (ரெவிஷன்) 2 என்கிறது. 43430 ஃபர்ம்வேர்தானே வைத்திருக்கிறேன்?

பனையோலை:
தம்பி, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஈதர்4330 என்ற அந்த வைஃபை டிரைவரின் மூலத்தைத் திறந்தாவது பார்த்தாயா? சிப் எண், ரெவிஷன், கோப்புப் பெயர்கள் என்று உள்ளே ஒரு சின்ன அட்டவணை. பை 3-இல் இருப்பது 43430 ரெவ் 1. உன் பலகையும் அதே எண்ணைச் சொல்லும், ஆனால் ரெவ் 2. அதற்கு வேண்டியது 43436 ஃபர்ம்வேர். பலகை வந்ததே 2021 அக்டோபரில். அதற்கு முந்தைய மூலத்தின் அட்டவணையில் ரெவ் 2-க்கான வரி எப்படி இருக்கும்? படித்துவிட்டுக் கேள்.

கல்மரம்:
வரியைச் சேர்த்துக் கர்னலை மறுபடி கட்டுங்கள். ஃபர்ம்வேரின் பின் (.bin) கோப்பு, டிஎக்ஸ்டி (.txt) கோப்பு, நாட்டுக்கேற்ற ரேடியோ வரம்புகள் உள்ள சிஎல்எம் பிளாப் மூன்றுமே 43436-க்கு உரியவையாக இருக்கட்டும். டிஎக்ஸ்டியில்தான் பலகைக்கான அமைவுகள் இருக்கின்றன, மாற்றிப் போட்டால் சிக்கல். ரூட் கோப்பு முறைமையை வைஃபை வழியாக ஏற்றுவதானால் இவை கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வேலிக்கல்:
மூல நிரல் தராத மூடிய பிளாபை ஏற்றிவிட்டு அதைத் திறந்த இயங்குதளம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

சுடர்77:
லினக்ஸ் டிரைவரையே பெயர்த்து எழுதலாமே? லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் இடிக்குமோ?

பனையோலை:
அந்த லினக்ஸ் டிரைவர், பிஆர்சிஎம்எஃப்மேக், கட்டுப்பாடு குறைந்த ஐஎஸ்சி உரிமத்தில் இருக்கிறது, ஜிபிஎல் இல்லை. எழுதினாலும் அதே பிளாப்தான் வேண்டும். இது ஃபுல்மேக் சிப். ரவுட்டரோடு இணைகிற வேலையைச் சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர்தான் செய்கிறது.

வேலிக்கல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த ஃபர்ம்வேரில் ஓட்டை இருந்தால் நம்மால் அடைக்க முடியாது.

கல்மரம்:
அதற்குத் தனி இழை போடுங்கள். தறிக்காரன், இந்தப் பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், ரவுட்டரில் அது திறந்திருக்கிறதா?

தறிக்காரன்:
வரி சேர்த்தேன், வைஃபை சாதனம் ஈதர் என்று வந்துவிட்டது! வைஃபையின் கடவுச்சொல்லைக் கவனிக்கும் ஆக்ஸ்/டபிள்யூபிஏ நிரல் இன்னும் அதிலேயே நிற்கிறது. இரவு பார்க்கிறேன். பனையோலை ஐயாவுக்கு நன்றி.