அப்பாவோட பைண்டிங் புஸ்தகங்களுக்கு டேப்லெட்: எத்தனை இன்ச் வாங்கலாம்?

டோம்பிவிலி ஈஸ்ட்:

வணக்கம். மும்பை பக்கம் எங்க பில்டிங் ரீடெவலப்மெண்டுக்குப் போகுது, இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப்போறாங்க. தீபாவளிக்குள்ள காலி பண்ணிக் கொடுக்கணும். போகப்போற வாடகை வீடு ஒரு ரூம், கிச்சன், அவ்வளவுதான். பிரச்சினை பரண்ல இருக்கு. அப்பாவோட மூணு டிரங்குப் பெட்டி, உள்ள 31 பைண்டிங். தாத்தா அம்பாசமுத்திரத்துல இருந்தப்போ பத்திரிகைல வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழிச்சு எடுத்து, கதை முடிஞ்சதும் காலிகோ அட்டை போட்டுக் கட்டி வெச்சது. அப்பா 1971ல தாராவிக்கு வந்தப்போ துணிமணிக்கு ஒரு பை, இதுக்கு மூணு பெட்டி.

இந்த ஜூலை மழையில பரண் சுவர் ஊறி, ரெண்டு பெட்டிக்குள்ள ஈரம் போயிடுச்சு. திறந்தா ராமபாணப் பூச்சி ஓடுது. புனேல இருக்கற அண்ணன், "எல்லாத்தையும் ரத்திவாலாகிட்ட, அதான் பழைய பேப்பர்காரர்கிட்ட, போட்டுட்டு அப்பாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடு, எல்லாக் கதையும் அதுலயே கிடைக்கும்"னான். அப்பா அவன்கூடப் பேசி நாலு நாளாச்சு.

அப்பாவுக்கு 74. ஒரு கண்ணுல புரை எடுத்தாச்சு, இன்னொண்ணு பாக்கி. பத்திரிகை படிக்கறதே இப்போ ஜன்னலோரம் உக்காந்து, லென்ஸ் வெச்சு, காலைல பத்து மணிக்குள்ள. நான் ஆபீஸ்ல இருந்து வர்றப்போ மாட்டுங்காவுல இறங்கி வாங்கிட்டு வர்றேன். அந்தக் கடைக்காரரும் தமிழ் இதழ் எடுக்கறதைக் குறைச்சுக்கிட்டே வர்றார்.

பட்ஜெட் 25 ஆயிரம். 8 இன்ச் கைக்கு அடக்கம்ங்கறாங்க, 11 இன்ச் கனம்ங்கறாங்க. எதை எடுக்க? பைண்டிங்கை உள்ள ஏத்த வழி இருக்கா? தையலைப் பிரிச்சுக் கொடுத்தா ஸ்கேன் பண்ணித் தர்றேன்னு ஒரு கடையில சொன்னாங்க. பிரிக்கணும்னதும் அப்பா முகம் போன போக்கைப் பாத்துட்டு, தூக்கிட்டு வந்துட்டேன்.

பழைய டிடிபி:

தங்கச்சி, இன்ச்சுல ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரு ஸ்கேல் எடுத்து பைண்டிங் பக்கத்தை அளந்துட்டு வாங்க. நான் லோயர் பரேல்ல ஒரு அச்சகத்துல 26 வருஷம் தமிழும் மராட்டியும் கம்போஸ் பண்ணவன், எனக்கு எல்லாமே பக்க அளவுதான்.

டேப்லெட் இன்ச் மூலைக்கு மூலை அளக்கறது. பக்கம் எவ்வளவு அகலமாத் தெரியும்னு அது சொல்லாது. இப்போ வர்ற வார இதழை உத்தேசமா ஏ4னு வெச்சுக்குவோம், அகலம் 8.27 இன்ச். நீள வாக்கான 16:10 திரையில, 8 இன்ச் டேப்லெட்டோட அகலம் 4.2 இன்ச்தான். அதாவது பக்கம் பாதியாச் சுருங்கும். பத்து பாயிண்ட் எழுத்து அஞ்சு பாயிண்ட் ஆகும். மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற காகிதம் இருக்கில்ல, அந்த எழுத்து. உங்கப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். 11 இன்ச்னா அகலம் 5.8, எழுத்து ஏழு பாயிண்ட். அதே 11 இன்ச், ஆனா சதுரம் மாதிரி இருக்கற 4:3 திரைன்னா ஏழரை.

அதுவும் பத்தலைன்னுதான் தோணும். ஆனா டேப்லெட்டைக் குறுக்கால படுக்க வெச்சுப் பாருங்க. 16:10 திரைக்கு அகலம் 9.3 இன்ச் ஆயிடும், காகிதத்தை விடப் பெருசு. பாதிப் பக்கம் மேல, தள்ளினா பாதிப் பக்கம் கீழ. ரெண்டு காலம், மூணு காலம் போட்ட இதழுக்கு இதுதான் சரி. ஓரத்து வெள்ளையை வெட்டித் தள்ளற வசதி நல்ல ஆப் எல்லாத்துலயும் உண்டு, அதையும் போட்டா எழுத்து இன்னும் கொஞ்சம் ஏறும்.

டெமி சைஸ் நாவல், அதான் ஐந்தரைக்கு எட்டரை, 11 இன்ச்சுல நேரா நிமிர்த்தி வெச்சா அச்சு அசல் அளவுலயே உக்காரும். முதல் தடவை பாத்தப்போ ஸ்கேல் வெச்சு அளந்து வீட்ல காட்டினேன். யாரும் கண்டுக்கலை.

கனம் உண்மைதான், கவரோட அரைக் கிலோவைத் தாண்டும். படுத்துக்கிட்டுப் படிச்சா தூக்கம் வந்ததும் மூக்குல விழும். எனக்கு விழுந்திருக்கு. மாட்டுங்காவுல பூஜை சாமான் கடையில வியாசபீடம் கிடைக்கும், ராமாயணம் வெச்சு வாசிக்கற மடக்குப் பலகை. அதுல நிறுத்திட்டா கைக்கு வேலையே இல்ல.

வெறும் நாவல் மட்டும்னா கிண்டில் மாதிரி இ-இங்க் கருவி, அதான் திரை காகிதம் மாதிரித் தெரியற கருவி, சொல்லுவேன். இருநூறு கிராம் சொச்சம், பின்னாலிருந்து கண்ணுல விளக்கு அடிக்காது, 2016 டிசம்பர்ல இருந்து தமிழ்ப் புஸ்தகமும் அதுல வருது. ஆனா ஆறேழு இன்ச் கறுப்பு வெள்ளைத் திரையில வார இதழ் பாக்கறது சாவித் துவாரத்துல சினிமா பாக்கற மாதிரி.

இப்போ ஃபைல். தமிழைப் பொறுத்தவரை தலைவலி கண்ணாடியா காகிதமாங்கறதுல இல்ல, இங்கதான். எழுத்தைப் பெருசு பண்ணினா வரி தானா மடிஞ்சு அடுத்த வரிக்குப் போகணும், இபப் ஃபைல்ல அது நடக்கும். பிடிஎஃப்ல பக்கம் கல்வெட்டு மாதிரி நிக்கும், நீங்கதான் விரலால இழுத்து இழுத்துப் படிக்கணும். பழைய தமிழ் பிடிஎஃப்ல இன்னொரு கூத்து. யூனிகோடுங்கற பொது எழுத்துக் குறியீடு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துரு வெச்சு அடிச்சோம். பாக்கத் தமிழ், உள்ள ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினா ஒண்ணும் சிக்காது. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு.

அதனால ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி, எது ஏற்கெனவே தட்டச்சாகிக் கிடக்குன்னு பாருங்க. மதுரைத் திட்டம் 1998 பொங்கல்ல இருந்து இதைப் பண்ணிட்டு இருக்காங்க, இலவசம். நாட்டுடைமை ஆன எழுத்தாளர்கள் அங்க நிறைய. தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்நூலகமும் பாருங்க.

மிச்சத்துக்குத் தையலைப் பிரிக்க வேண்டாம். போன் போதும். மேல ஒரு ஸ்டாண்ட்ல போனை மாட்டி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல வர்ற மாதிரி வெச்சு, பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடியால பக்கத்தை அமுக்கி எடுங்க. முதல்ல வலது பக்கம் எல்லாத்தையும் எடுத்து முடிங்க, அப்புறம் இடது பக்கம். ஒவ்வொண்ணுக்கும் திருப்பினீங்கன்னா பொழுது விடிஞ்சிடும். தாளுக்குப் பின்னால ஒரு கறுப்புக் காகிதம் செருகுங்க, அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியாது. பழைய நியூஸ்பிரிண்ட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

படத்தை எழுத்தாக்கற ஓசிஆர் கூகுள் டிரைவ்லயே இருக்கு, தமிழ் வாசிக்கும். ஆனா உங்க தாத்தா காலத்து அச்சு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தினது. தும்பிக்கை வெச்ச லை, ணை, சுழிச்ச றா, னா எல்லாம் இருக்கும். நான் முயற்சி பண்ணினப்போ அந்த எழுத்து வர்ற இடத்துல எல்லாம் தடுக்கி விழுந்துது. படமாவே வெச்சுக்குங்க.

செம்பூர் வாசகன்:

எல்லாம் சரி. அசல் என்ன ஆகும்? ஒருத்தரும் கேட்கவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகம் மட்டுமா சேர்த்தார்? பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்தார். ஊரில் அவரைப் பழைய பேப்பர்காரர் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. போட்டோ எடுத்துவிட்டோம் என்று ரத்திவாலாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் டேப்லெட்டே வேண்டாம். பெட்டியில் வேப்பிலையும் வசம்பும் போடுங்கள்.

7.52 ஃபாஸ்ட்:

செம்பூர் சார், ஒரு ரூம் கிச்சன்ல மூணு டிரங்குப் பெட்டியை எங்க வைப்பாங்க? கேஸ் சிலிண்டர் மேலயா?

அக்கா, நான் கல்யாண்ல லோக்கல் டிரெயின் ஏறி தினமும் சிஎஸ்எம்டி போறவ, லேடீஸ் டப்பாவுல நின்னுக்கிட்டே காமிக்ஸ் படிக்கற கேஸ். எனக்கு 8 இன்ச்தான். ஒரு கை மேல பிடி, ஒரு கைல டேப். 11 இன்ச்சை அந்தக் கூட்டத்துல விரிச்சா முன்னாடி நிக்கறவங்க முதுகுல இடிச்சு அடி வாங்கணும். டிடிபி அண்ணா சொன்னது வீட்டுக்கு. டிரெயினுக்கு இல்ல.

காமிக்ஸ்லயும் இதே சைஸ் கதைதான். எங்க மாமாகிட்ட சிவகாசி முத்து காமிக்ஸ் இருந்துது, அது 1972ல ஆரம்பிச்ச வரிசை. அந்தக் கால பாக்கெட் சைஸ் கறுப்பு வெள்ளை 8 இன்ச்சுல அளவெடுத்துத் தெச்ச மாதிரி நிக்கும். ஐரோப்பா கலர் ஆல்பம் அப்படி இல்ல, ஏ4 கிட்ட வரும். அதுல தமிழ் போட்டா வாக்கியம் நீண்டுடும், பலூன் அதே சைஸ்தான், அதனால எழுத்தைப் பொடியாக்கி அடைப்பாங்க. காகிதத்துலயே கண்ணு வலிக்கும். கட்டம் கட்டமாப் பெருசு பண்ணிக் காட்டற ஆப் போட்டுக்கிட்டா அந்தத் தொல்லை இல்ல. ஆனா ஒரு முழுப் பக்கச் சண்டைக் காட்சியை அந்த ஆப் நாலாக் கூறு போட்டுக் காட்டறப்போ கோவம் வரும்.

போன்ல எடுத்த படத்தை எல்லாம் 001, 002னு பேர் போட்டு ஒரு ஃபோல்டர்ல வெச்சு, ஜிப் பண்ணி, கடைசி மூணெழுத்தை மட்டும் சிபிஇசட்னு (cbz) மாத்துங்க. அவ்வளவுதான், காமிக்ஸ் ஆப் அதைப் புஸ்தகமாத் திறக்கும், விட்ட பக்கத்தை ஞாபகம் வெச்சுக்கும். தாத்தா பைண்டிங்குக்கு பிடிஎஃப்பை விட இது லேசு.

அப்புறம், டெலிகிராம்ல வர்ற திருட்டு பிடிஎஃப் பக்கம் போகாதீங்க. ரொம்ப அமுக்கி அனுப்பியிருப்பாங்க, பெருசு பண்ணினா எழுத்து பஞ்சு பஞ்சாப் பிரியும். இதழ்காரங்க கிட்டயே டிஜிட்டல் சந்தா கட்டிடுங்க. கல்கி மாதிரி அச்சை விட்டுட்டு இணையத்துக்கே போனதுக்கு வேற வழியும் இல்ல.

டோம்பிவிலி ஈஸ்ட்:

எல்லாருக்கும் நன்றி. நாலு வாரம் ஆச்சு, என்ன நடந்ததுன்னு சொல்றேன்.

11 இன்ச் எடுத்தேன். முதல்ல போட்ட ஆப் மோசம் பண்ணிடுச்சு. 'கொ'வைத் திறந்தா கொம்பு ஒரு பக்கம், புள்ளி போட்ட வட்டம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறிக் கிடக்கு. அப்பா ஒரு வரி பாத்துட்டு, "ஏட்டி, இது என்ன பாஷை?"ன்னாங்க. வேற ஆப் போட்டதும் சரியாச்சு.

வியாசபீடம் வாங்கிட்டேன் அண்ணா. அதுல டேப்லெட்டை வெச்சதும் அப்பா கால் கழுவிட்டு வந்து உக்காந்தாங்க.

பெரிய சிக்கல் வேற. அப்பா பக்கம் திருப்பறதுக்கு விரலை நாக்குல தொட்டுக்குவாங்க, ஐம்பது வருஷப் பழக்கம். கண்ணாடி ஈரமானதும் ஒரு தடவை தொட்டா நாலு பக்கம் ஓடுது, இல்ல ஒண்ணுமே நடக்கலை. "இது நம்ம பேச்சு கேக்காது"ன்னு மூடி வெச்சிடறாங்க. இப்போ பக்கத்துல ஒரு கைக்குட்டை மடிச்சு வெச்சிருக்கேன். பத்துக்கு ஏழு தடவை ஞாபகம் வருது. ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு லென்ஸ் இல்லாம படிக்கறாங்க, எழுத்தைப் பெருசாக்கி, கறுப்புப் பின்னணியில வெள்ளையா. கண் டாக்டர்கிட்டயும் கேட்டேன், வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சு அப்பப்போ கண்ணைச் சிமிட்டச் சொன்னாங்க.

ரெண்டு பைண்டிங் எடுத்து முடிச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும். கறுப்புக் காகிதம் உண்மையிலேயே வேலை செய்யுது. மூணாவது 1950ல கல்கியில ஆரம்பிச்ச பொன்னியின் செல்வன். அதுல ராமபாணம் ஏழு பக்கத்தைத் தின்னிருக்கு. வரி எல்லாம் மதுரைத் திட்டத்துல இருக்கு, அதை எடுத்துப் பக்கத்துலயே சேர்த்துட்டேன். ஆனா ஓவியர் மணியம் போட்ட படம் ஒண்ணு இடுப்புக்குக் கீழ இல்ல. குதிரை மேல இருக்கற ஆள் யாருன்னு அப்பாவுக்குத் தெரியும், குதிரைக்குக் கால்தான் இல்ல. "எழுத்து எங்க வேணும்னாலும் கிடைக்கும், படம் வேணுமே"ன்னு சொல்லிட்டே இருக்காங்க. யார்கிட்டயாவது அந்தக் கால இதழ் இருக்கா?

செம்பூர் வாசகன்:

முதல் இரண்டு பாகமும் என்னிடம் இருக்கின்றன. குர்லாவில் ஹார்பர் லைன் மாறி செம்பூரில் இறங்குங்கள். அப்பாவையும் அழைத்து வாருங்கள், லிஃப்ட் உண்டு. போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். அவர் விரலை நாக்கில் தொட்டுத் தாராளமாகத் திருப்பட்டும்.