பணகுடிப் பக்கம் கன்டெய்னர் வீடு: எங்கள் அனுபவம்

கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர் பெட்டி வாங்கினால் பாதி வீடு முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்களுக்கு ஆன செலவில் பெட்டி சின்னப் பங்குதான். தூத்துக்குடியில் பழைய நாற்பதடிப் பெட்டி இரண்டு பார்த்து, டிரெய்லரில் ஏற்றி, தோட்டத்துப் பாதையில் வண்டி திரும்ப வேலியைப் பிரித்து, கிரேன் வைத்து இறக்கியது வரைக்கும் சுலபம். அப்புறம்தான் வேலையே.

வாங்கும்போது ஹை க்யூப் என்று கேட்டு வாங்குங்கள், வெளி உயரம் 9 அடி 6 அங்குலம் இருக்கும். சாதாரணப் பெட்டி ஒரு அடி குறைவு, உள்ளே சீலிங் அடித்து ஃபேனும் மாட்டிவிட்டால் சட்டையைக் கழற்றக் கை தூக்க பயமாக இருக்கும். அகலம் இரண்டிலும் 8 அடிதான். சூடு தடுக்கும் ராக்வூல் பஞ்சு வைத்து போர்டு அடித்தால் உள்ளே 7 அடி தேறும், அவ்வளவுதான். அதனால்தான் இரண்டையும் ஒட்டி வைத்து நடுச்சுவரை வெட்டினோம். மேலே அடுக்கும் பாரம் நான்கு மூலைத் தூண் வழியாக இறங்குகிறது, சரி, ஆனால் நடுவில் தொய்யாமல் பிடிப்பது பக்கச் சுவரான நெளித்தகடுதான், வெட்டின இடமெல்லாம் பாக்ஸ் பைப் (சதுர இரும்புக் குழாய்) சட்டம் கொடுத்தே ஆகவேண்டும். வெல்டர், "தேவையில்ல அண்ணாச்சி, இது கப்பலையே தாங்குன பெட்டி" என்றார். கப்பல்தானே இதைத் தாங்கியது!

தரைப் பலகையில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள், என்ன மருந்து என்று கதவில் அடித்திருக்கும் தகட்டிலேயே பார்க்கலாம். வீட்டில் தவழும் பிள்ளை இருப்பதால் பலகையைக் கழற்றிவிட்டு சிமெண்ட் போர்டு போட்டோம்.

வெயிலுக்கு, மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டு தகரக் கூரை. ஆனி ஆடி மேல்காத்து தெரியும்தானே, காற்றாலைக்காரர்கள் சும்மாவா இங்கே வந்து நட்டிருக்கிறார்கள்? கூரைச் சட்டத்தைப் பெட்டியின் மூலையோடு போல்ட் போட்டு முறுக்குங்கள்.

வாசகர் ஒருவரின் பதில்: அண்ணாச்சி, உங்களுக்குச் செம்மண், தப்பித்தீர்கள். கங்கைகொண்டானுக்கு வடக்கே எங்கள் மச்சான் கரிசலில் ஆழம் பார்க்காமல் தூண் எழுப்பி ஆபீஸ் பெட்டி வைத்தார். ஐப்பசி மழையில் மண் உப்பி ஒரு மூலை தூக்கிக்கொண்டது, கதவு சாத்தவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, தாழ்ந்த பக்கம் இரும்புத் தகடு சொருகி மட்டம் பார்த்தார்கள். தார்சு (மொட்டைமாடி) வீட்டை இப்படித் தூக்கி மட்டம் பார்க்க முடியுமா?