ஆட்டோகிளேவ் டேப் கறுத்தால் போதுமா?

கேள்வி: கிளினிக்கில் மேலே திறக்கும் ஆட்டோகிளேவ் (அழுத்த ஆவியில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் கலன்). தையல் செட்டைத் துணியில் சுற்றி, டிரம்மில் போட்டு, 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 15 நிமிடம் வைக்கிறோம். பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கோடு கறுக்கிறது, ஆனால் பொட்டலம் நசநசவென்று வருகிறது. பயன்படுத்தலாமா?

பதில் 1: கூடாதுங்க. ஈரத் துணி வழியாக வெளிக் கிருமி உள்ளே இறங்கிவிடும். டேப் கறுத்தால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம், கிருமி செத்தது என்றல்ல. துணி சுற்றியதற்கு 121 டிகிரியில் 30 நிமிடம் வேண்டும். சூடு ஏறிய பிறகே நேரத்தை எண்ணணும்.

பதில் 2: காற்றை வெளியேற்றுறீங்களா? வால்வைத் திறந்தே வைத்து, ஆவி விடாமல் சீறி வந்த பிறகு மூடுங்க. காற்று தங்கினால் அழுத்தமானியின் முள் 15 காட்டும், உள்ளே 121 இருக்காது. ஆளை ஏமாற்றுவதே அந்த முள்தான். டிரம்மை அமுக்கி அடைக்காதீங்க. ஆட்டோகிளேவில் இருக்கும்போது டிரம்மின் பக்கத் துளைகள் திறந்திருக்கணும், எடுத்ததும் மூடணும்.

கேட்டவர்: துளைகளை மூடியேதான் வைக்கிறோம்!

பதில் 1: அப்போ இருக்கிற செட் எல்லாத்தையும் புதுத் துணியில் சுற்றித் திரும்பப் போடுங்க. பொட்டலத்தின் நடுவே ஒரு கிளாஸ் 5 ஸ்ட்ரிப் (சூடு, நேரம், ஆவி மூன்றும் போதுமா என்று காட்டும் பட்டை), வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட் (சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகள் செத்தனவா என்று பார்ப்பது). தேதி, நேரம், யார் போட்டது எல்லாம் நோட்டில் ஏறணும்.